இருக்கிற ஆளுக்கு ஒப்பாரி

அந்தச் சன்னலை அடைச்சிராத தாயி, இந்த வளைவெல்லாம் முடியிற வரைக்காவது காத்து வரட்டும். எனக்கு மலை பஸ்ஸு ஆகாது. பேசிக்கிட்டே வந்தா கொமட்டல் தெரியாது. நீ நேத்து கோடை விழாவுல முன் வரிசையில ஒக்காந்து போனைத் தூக்கிப் பிடிச்சிருந்த பிள்ளதான? ஏறுனதுமே கண்டுபிடிச்சுட்டேன். அழுதியா? நெசமாவா? நல்லது. அழுகணும்னுதான பாடுறது.

நல்லாப் பாடுனேன்னு சொல்ற. ஏன் அப்பிடிப் பாடுனேன்னு ஒனக்குத் தெரியாது. அந்தா, டிரைவருக்குப் பின் சீட்டுல மஞ்சத் துண்டைத் தலையில சுத்திக்கிட்டு ஒக்காந்திருக்காரே, அவருக்குத் தெரியும். தவமணி அண்ணன். எங்க குழுவுக்கு அவருதான் தலைவர், உறுமி வாசிச்சது அவருதான். மத்த ஆளுகளும் மேளமும் வேன்ல முன்னாடி போயிருச்சு. அவரு மகனுக்குத்தான் எம் மக மாரிக்கண்ணக் குடுக்கிறதா பேச்சு. ஆனியில கல்யாணம். பேச்சுன்னுதான் சொல்றேன், இனிமே அது நிக்கிதோ நெலைக்குதோ. காலையில என்கிட்ட ஒரு கேள்வியக் கேட்டுப்புட்டு, வத்தலக்குண்டு போறதுக்குள்ள பதில் சொல்லு தங்கச்சின்னுட்டு முன்னாடி போய் ஒக்காந்துக்கிட்டாரு. திரும்பிக்கூடப் பார்க்கல.

நீ கீழ எறங்கி எந்த ஊருக்கோ போற பிள்ள. ஒன்கிட்ட சொன்னா ஒண்ணும் கொறைஞ்சிராது.

எம் பேரு குருவம்மா. மேடையில அந்தப் பட்டுச்சேலக்காரப் பிள்ள மைக்குல சொன்னாளே, 'கணவனை இழந்த கலைஞர் குருவம்மா'ன்னு. எழந்தது நெசந்தான். சாகல, அம்புட்டுத்தான். என்ன முழிக்கிற? அவன் சாகல. மாரிக்கண்ணு பால்குடி மறக்காத பிள்ளையா இருக்கும்போது ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போறேன்னு போனான். வரல. ஒரு வருசம் கழிச்சு எங்க ஊர்க்காரரு ஒருத்தரு வந்து, கம்பத்துல ஒரு பொம்பள இட்லிக்கடை வச்சிருக்கா, அங்க மாவாட்டிக்கிட்டு இருக்கான் ஒம் புருசன்னு சொன்னாரு. நான் நம்பல. பிள்ளைய எங்கம்மாகிட்ட விட்டுட்டுப் போய்ப் பார்த்தேன். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னேன். இட்லித் தட்டத் தொடச்சுக்கிட்டு இருந்தான். எங்க வீட்டுல குடிச்ச தண்ணிச் செம்பைக்கூட எடுத்து வைக்காத ஆளு. அவ என்னமோ சொல்றா, இவன் சிரிக்கிறான்.

நான் சண்டைக்குப் போகல தாயி. திரும்பி பஸ் ஏறுனேன். வர்ற வழியிலேயே வளையல ஒடச்சு சன்னல் வழியா எறிஞ்சேன். ஊருல எறங்குனதும் செத்துட்டான்னு சொல்லிட்டேன். காய்ச்சல்ல போயிட்டான், அங்கனேயே அடக்கம் பண்ணிட்டாங்கன்னு சொன்னேன். தகவல் சொன்ன ஆளுகிட்ட மட்டும், நீ வாயத் தொறந்தா ஒன் வீட்டு வாசல்லயே தூக்கு மாட்டிக்கிருவேன்னு சொன்னேன். அவரு கடைசி வரைக்கும் தொறக்கல, பாவம், போன வருசம் போய்ச் சேர்ந்துட்டாரு. பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் ஒழுங்காப் பண்ணுனேன். ஏன் அப்பிடிச் சொன்னேன்னு கேக்குறியா? புருசன் செத்தவன்னா பாவம்பாங்க. புருசன் விட்டுட்டுப் போனவன்னா, இவ என்ன பண்ணுனாளோம்பாங்க. நான் ஒண்ணுமே பண்ணலையே தாயி!

அந்தக் காரியத்துல நான் அழுத அழுகையப் பார்த்துட்டுத்தான் பக்கத்து ஊரு எழவுக்கெல்லாம் என்னையக் கூப்புட ஆரம்பிச்சாங்க. தவமணி அண்ணனும் அப்பிடித்தான் கேள்விப்பட்டுக் குழுவுல சேர்த்தாரு. செத்தவனுக்கு அழுதா என்னைக்காச்சும் ஒரு நாள் தீந்துரும். இருக்கிறவனுக்கு அழுகுறது தீராது. மத்தபடி அவன நெனச்சு அழுகுறேன்னு எண்ணிராத. அவன நான் நெனைக்கிறதே கெடையாது. அது தொழிலு.

ஆனா தொழிலுக்கு ஒரு கட்டு இருக்கு. எழவு வீட்டுல பொணம் கெடக்கு, பாடுற ஒப்பாரி அதோட சுடுகாட்டுக்குப் போயிரும். மேடையில பொணம் எங்க இருக்கு? பாடுன பாட்டு யாரு மேலயாச்சும் போய் ஒக்காந்துக்கிரும். அதனால பாடி முடிச்ச கையோட மங்களம் பாடி எறக்கி வச்சுரணும். எத்தன நேரம் ஆனாலும் சரி, மழையே வந்தாலும் சரி, எறக்காம மேடைய விட்டு எறங்கக்கூடாது. நான் ஒரு மேடையிலகூட அதைத் தப்ப விட்டது கெடையாது. பேரையும் சொல்ல மாட்டேன். 'ராசா'ன்னுதான் பாடுவேன். ராசா யாரா வேணா இருக்கலாம்ல?

நேத்து என்ன ஆச்சுன்னா, கும்மி முடிஞ்சுச்சு, தாலாட்டு முடிஞ்சுச்சு. நல்ல வெயிலு, ஆனா குளுரு. சனமெல்லாம் சொட்டரு மாட்டிக்கிட்டு மக்காச்சோளத்தக் கடிச்சுக்கிட்டு நிக்கிது. அந்தப் பிள்ள என் பேரச் சொல்லுச்சு. நான் மைக்கு முன்னால போய்க் கூட்டத்தக் கும்பிட்டுத் தலைய நிமித்துறேன். ரோசாப்பூப் பாத்தி ஓரத்துல நிக்கிறான்.

ஊதாச் சொட்டரு, கொரங்குக் குல்லா. மூஞ்சி பாதிதான் தெரியுது. மூஞ்சி எதுக்கு? ஒரு கையால மறு கை முழங்கையப் பின்னால பிடிச்சுக்கிட்டு, ஒரு காலத் தளர விட்டு நின்னான் பாரு, அதுலயே தெரிஞ்சுபோச்சு. எளச்சுட்டான். தோளெலும்பு சொட்டருக்கு மேல துருத்திக்கிட்டுத் தெரியுது. சோளத்த இடது பக்கமாவே மெல்லுறான், வலது பக்கப் பல்லு போயிருச்சு போல. சரி, நான் எதுக்கு அதெல்லாம் பார்க்கணும். கண்ணுல பட்டுச்சு.

'அடியே குருவம்மா, நான் உசுரோடதான்டி இருக்கேன்'னு அங்கருந்து ஒரு சத்தம் போட்டான்னா போதும். தவமணி அண்ணன் உறுமியோட எனக்குப் பக்கத்துல நிக்கிறாரு. கட்டுன புருசன உசுரோட கருமாதி பண்ணுனவ வீட்டுல பொண்ணு எடுப்பாகளா? எம் மக கல்யாணம் அந்த ரோசாப்பூப் பாத்தியிலேயே செத்துச்சு. அண்ணே, இன்னொரு தாலாட்டு பாடுறேன்னேன். அவரு, ஒப்பாரின்னு சொல்லிட்டாங்க தங்கச்சி, கூட்டம் அதுக்குத்தான் நிக்கிதுன்னாரு. உறுமியில இழுத்துட்டாரு. அந்தச் சத்தம் வந்துட்டா எடுக்காம இருக்க முடியாது.

எடுத்தேன்.

*வரப்பு வழி போனவரே – ஒரு*
*வார்த்த சொல்லிப் போகலையே*
*அடுப்புல வச்ச சோறு பொங்கி*
*ஆறிப்போயும் வரலையே*

மெல்லுறத நிப்பாட்டுனான். கொரல் தெரிஞ்சுபோச்சு. பார்த்தேன் பாரு, எனக்கு அதுவரைக்கும் இருந்த பயம் அப்பிடியே வேற என்னமோ ஆகிப்போச்சு. இருபது வருசம் தாயி. பிள்ள வயசுக்கு வந்தப்ப தாய்மாமன் சீரு இருந்துச்சு, அப்பன் எங்கன்னு கேட்ட பிள்ளைக்கு நான் பதில் சொன்னேன். இவன் சொட்டரு போட்டுக்கிட்டு ரோசாப்பூப் பார்க்க வந்திருக்கான். கத்துறியா, கத்து. கத்துறதுக்குள்ள ஒன்னையப் பாடி முடிச்சுர்றேன்டான்னு தோணுச்சு. இன்னைக்கு மங்களம் கெடையாது, எறக்கி வைக்க மாட்டேன், இந்த ஒப்பாரி ஒன் மேலதான் ஒக்காரப் போகுதுன்னு மனசுக்குள்ள முடிவே பண்ணிட்டேன். ராசாவ விட்டேன். ஆளையே பாடுனேன்.

*நெத்தியில தழும்பு ஒண்ணு – அந்த*
*நேரம்கெட்ட மனுசனுக்கு*
*குத்துக்கல்லுல விழுந்த தழும்பு*
*கொள்ளிக்கும் தெரியலையோ*

கை தன்னால நெத்திக்குப் போச்சு. குல்லாவ எறக்கி விட்டுக்கிறான். நான் விடல. மாவாட்டுன கையப் பாடுனேன். அவன் செருப்பக் கழட்டி வைக்கிற மொறையப் பாடுனேன். தூக்கத்துல பல்லக் கடிக்கிறதப் பாடுனேன். நீயெல்லாம் தாளத்துக்குக் கை தட்டுன. ஒப்பாரிக்குக் கை தட்டுற கூட்டத்த மலை மேலதான் பார்க்க முடியும். தட்டுங்கன்னு விட்டுட்டேன். எனக்கு அவன் மூஞ்சி மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. அது வெளுத்துக்கிட்டே போச்சு.

அப்பத்தான் அவன் பக்கத்துல ஒருத்தி அவன் கையப் பிடிச்சு இழுக்கிறதப் பார்த்தேன். அவதான். இட்லிக்கடைக்காரி. நல்லாப் பெருத்துட்டா. அவன இழுத்துக்கிட்டு கூட்டத்த விலக்கி விலக்கி மேடையப் பார்த்து வர்றா. சண்டைக்குத்தான் வர்றா, அவன் சொல்லிட்டான், ஏறுனதும் மைக்கப் பிடுங்கப் போறாள்னு நெனச்சேன். தவமணி அண்ணன் என்னைய ஒரு பார்வை பார்த்தாரு, ஏன் கொரல் நடுங்குதுன்னு. நான் பாட்ட நிப்பாட்டல. நிப்பாட்டுனா விழுந்துருவேன். படிக்கட்டுல ஏறிட்டாக. விழாக்காரங்க யாரும் தடுக்கல, மேடையேறி சால்வை போடுறது வழக்கந்தான. பட்டுச்சேலக்காரப் பிள்ள சிரிச்சுக்கிட்டே போய் அவ கையில இன்னொரு மைக்கக் குடுக்குது!

அவ முகமெல்லாம் கண்ணீரு. தோள்ல கெடந்த சால்வைய எடுத்து எனக்குப் போத்துனா. அப்பறம் மைக்குல சொன்னா, நீயும் கேட்டிருப்ப.

"அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு வர்ற புதன்கிழம மதுரையில நெஞ்சு ஆப்பரேசன். பொழைக்கிறதப் பத்தி உறுதியாச் சொல்ல முடியாதுன்னுட்டாரு டாக்டரு. மனச மாத்தத்தான் மலைக்குக் கூட்டியாந்தேன். ஒங்க பாட்டக் கேட்டு அழுகுறாரு அக்கா. கட்டுனதுலேருந்து இவரு அழுது நான் பார்த்ததே இல்ல. எனக்குப் பயமா இருக்கு. அழுத வாயால இவர வாழ்த்தி ஒரு பாட்டுப் பாடுங்கக்கா. இவரு பேரு சன்னாசி."

உறுமி நின்னுபோச்சு.

தவமணி அண்ணனுக்கு அந்தப் பேரு தெரியும். பூ வைக்க வந்தப்ப எந் தம்பி சொல்லியிருக்கான், பொண்ணுக்கு அப்பா பேரு சன்னாசின்னு. ஊருல ஆயிரம் சன்னாசி இருக்கலாம். ஆனா அவரு என்னையப் பார்க்குறாரு, அந்த ஆளப் பார்க்குறாரு, திரும்ப என்னையப் பார்க்குறாரு.

மைக்கு என் முன்னால இருக்கு தாயி. ஒரு வார்த்த போதும். 'இது எம் புருசன்'னு சொன்னா, அவ அங்கேயே சாஞ்சுருவா. எம் மக கல்யாணமும் சாஞ்சுரும், ஆனா சாஞ்சா என்ன, எல்லாம் ஒண்ணாப் போகட்டும்னு ஒரு வெறி வந்துச்சு. வார்த்த நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. அவ ஒரு கையால அந்த மனுசன் முதுகத் தடவி விட்டுக்கிட்டே இருக்கா. அவுக கைய நெஞ்சு மேல வச்சுக்கிட்டு மூச்சு வாங்குறாக. ஒரு மேடைப் படியேறுனதுக்கே அப்பிடி மூச்சு. என்னையப் பார்த்துக் கண்ணாலகூட எதுவும் கேக்கல. பாடாதன்னும் சொல்லல, பாடுன்னும் சொல்லல. நீ என்ன பண்ணுனாலும் சரிங்கிற மாதிரி தலையத் தொங்கப் போட்டு நிக்கிறாக.

மங்களம் எடுத்தேன். ஏன்னு கேக்காத. அம்புட்டுக் கூட்டம் பார்க்குது, தொழில விட முடியுமா?

வேம்பாத் தழைக்கணும், வெத்தலையாப் படரணும்னு பாடிக்கிட்டு வந்து, பேரு சொல்ற எடம் வந்துச்சு. வரல தாயி. பேரு வரல. இட்லிக்கடைக்காரி என்னமோ பக்கத்து வீட்டுக்காரன் பேரச் சொல்ற மாதிரி சொல்லிப்புட்டா. எனக்குக் கல்யாணமான நாள்லேருந்து அந்தப் பேர இந்த வாய் சொன்னதில்ல. ரேசன் கடையில கேட்டாக்கூட பக்கத்துல நிக்கிறவளச் சொல்லச் சொல்லுவேன். செத்துட்டான்னு சொன்னப்பவும் பேரச் சொல்லல. இப்ப மைக்குல எப்பிடிச் சொல்றது? தாளம் ஒரு சுத்து சுத்தி வந்துருச்சு. நான் எடுக்கல. இன்னொரு சுத்து வருது. கூட்டம் பார்க்குது, அவ பார்க்குறா, எடுக்காமப் போனா கெட்ட சகுனம்னு அவ மூஞ்சியில கலவரம் வருது. என்னையறியாம வந்து விழுந்துச்சு.

*மாரிக்கண்ணு அப்பாவுக்கு*
*மலையளவு ஆயுசு வேணும்*
*மாரிக்கண்ணு அப்பாவுக்கு*
*மறுநோயும் அண்டாம வேணும்*

வீட்டுல அப்பிடித்தான கூப்புடுவேன். பிள்ள பொறந்ததுலேருந்து அப்பிடித்தான். பாடுன பெறகுதான் என்ன பாடுனோம்னு காதுல விழுது. டம்முன்னு உறுமியில ஒரு அடி. தவமணி அண்ணன். அடிச்சாரு பாரு, தோலு கிழிஞ்சுரும்போல அடிச்சாரு. அடுத்து நான் பாடுனது எதுவும் எனக்கே கேக்கல. கோவத்துல அடிச்சாரா, வேற யாரு காதுலயும் விழுந்துரக்கூடாதுன்னு அடிச்சாரா, எனக்கு இன்னும் புரியல. நான் பாட்டுக்கு இன்னும் ரெண்டு மூணு தடவ பாடிட்டேன் போல. மங்களம் அம்புட்டு நீளமா நான் எங்கயும் பாடுனதில்ல.

முடிஞ்சதும் அவ கேட்டா, "அது யாருக்கா மாரிக்கண்ணு?" நான் மைக்கத் தள்ளிட்டு, எங்க ஊரு மாரியாத்தாம்மா, அவ பேரு வச்சு வாழ்த்துனா நோய் அண்டாதுன்னேன். கையெடுத்துக் கும்பிட்டா. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. நல்லவதான் போல, என்ன செய்ய. அவ விழாக்காரங்ககிட்ட மைக்கத் திருப்பிக் குடுக்கப் போனா, அந்த நேரம் பார்த்து அவுக ஒரே ஒரு வார்த்த கேட்டாக.

"நல்லா இருக்காளா?"

"ஆனியில கல்யாணம்"னேன். வயிறு எரியட்டும்னுதான் சொன்னேன். அவுக தலைய ஆட்டுனாக. அழுதுக்கிட்டே சிரிச்சாக. படி எறங்கும்போது ஒரு படி தவற விட்டாக, நான் ஓடிப்போய்ப் பிடிக்கல. பிடிக்க அவ வந்துட்டா.

அதுக்கப்பறம் எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து சாப்புட்டாங்க, தவமணி அண்ணன் தட்ட எடுத்துக்கிட்டுத் தனியாப் போயிட்டாரு. நான் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருந்தேன். சரி, முடிஞ்சுச்சு, கீழ போனதும் ஆள் அனுப்பிப் பேச்ச முறிச்சுருவாரு, மாரிக்கண்ணுகிட்ட என்ன சொல்றதுன்னு அதையே யோசிச்சுக்கிட்டுக் கெடந்தேன். அவளுக்கும் அப்பன் செத்துட்டான்னுதான் தெரியும். அப்பன் படம்கூடக் கெடையாது, அதுக்கும் மால போடணும்னு சொல்லுவாளேன்னு எடுத்து எரிச்சுட்டேன். அது வேற கத.

காலையில பஸ் ஸ்டாண்டுல டீய வாங்கிக் கையில குடுத்துட்டுக் கேட்டாரு. "தங்கச்சி, பத்திரிக்கை அச்சுக்குக் குடுக்கணும். பொண்ணோட அப்பா பேருக்கு முன்னால காலஞ்சென்றன்னு போடணுமா, வேணாமா? நீ எப்பிடிச் சொல்றியோ அப்பிடி. நான் எதுவும் கேக்க மாட்டேன். கீழ போறதுக்குள்ள சொல்லு."

அம்புட்டுத்தான் கேள்வி. ஏன்டி ஏமாத்துனன்னு நாலு வார்த்த வஞ்சிருந்தாக்கூட நான் தாங்கியிருப்பேன். நக்கலாக் கேட்டாரா, நெசமாக் கேட்டாரா? கல்யாணம் உண்டுன்னுதான அர்த்தம்? நீ படிச்ச பிள்ள, நீ சொல்லு. உண்டுன்னுதான? எனக்கு நேத்துலேருந்து இப்பத்தான் மூச்சு வருது.

போடுன்னு சொல்றது லேசு. இருபது வருசமா சொல்லிக்கிட்டு இருக்கிறதுதான. ஆனா வாயால சொல்றது வேற, மஞ்சத் தடவி நாலு பேரு கையில குடுக்கிற தாள்ல அச்சடிக்கிறது வேற. அந்த மனுசன் அங்க அறுத்துப்போட்டுக் கெடக்கும்போது இங்க செத்தவர்னு அச்சடிச்சா, அது எங்க போய் ஒக்காரும்? வேணாம்னு சொன்னா ஊரு கேக்கும், அப்ப இவ வளையல ஒடச்சது எதுக்குன்னு. கேக்கட்டும், அதுக்கு நான் பயப்படல. பயப்படுறேன்தான். எம் மகளுக்கு என்ன பதில் சொல்றது?

கொடைக்கானல் கண்ணுல மறைஞ்சுபோச்சு, இல்ல? தென்னந்தோப்பு தெரியுது. வந்துட்டோம் போல. அந்தா, துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிக்கிறாரு. இங்கதான் வர்றாரு. நீ சும்மா சன்னலப் பார்க்குற மாதிரி இரு தாயி.

வாங்கண்ணே. ஆமாண்ணே, யோசிச்சுட்டேன். அச்சுக்கு இன்னைக்குக் குடுக்க வேணாம்ணே. புதன்கிழம போகட்டும். வியாழக்கிழம குடுப்போம்.

என்ன தாயி அப்பிடிப் பார்க்குற? ரெண்டு தடவ அடிச்சா வெட்டிச் செலவுல்ல?